இரவு உறைந்து பகல் உருகினால்தான் சாறு: தெற்கு ஒன்ராறியோவில் மேப்பிள் பாகு காய்ச்சும் குறிப்புகள்

ரொறன்ரோவில் மார்ச் மாதத்தை நாட்காட்டியை வைத்துக் கணிக்க முடியாது. 2012 மார்ச் நடுவில் வெயில் 20 டிகிரியைத் தாண்டி, ஒரு வாரம் கோடைபோல் நின்றது. மரங்கள் ஏமாந்து மொட்டுவிட்டன. ஏப்ரலில் திரும்பி வந்த உறைபனி ஒன்ராறியோ ஆப்பிள் பூக்களில் பெரும்பகுதியைக் கருக்கியது. 2018இல் நேர்மாறு: ஏப்ரல் 14, 15 தேதிகளில் உறைமழை பெய்து, நகரமே கண்ணாடி பூசியதுபோல் கிடந்தது. குளிர்கால டயரைக் கழற்றி மாற்றுபவருக்கும் நாற்று வைப்பவருக்கும் இந்தத் தள்ளாட்டம் தலைவலி. மேப்பிள் சாறு இறக்குபவருக்கு அதுவே முதலீடு. இரவு சுழியத்துக்குக் கீழே, பகல் சுழியத்துக்கு மேலே என்று வெப்பநிலை மாறி மாறிக் கடக்கும் நாட்களில்தான் மரம் சாறு விடும். குளிர் விடாமல் நின்றாலும் வாளி காலி, வெயில் விடாமல் நின்றாலும் வாளி காலி.

பனையில் பாளை சீவிக் கலயம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது. ஆனால் மூன்று வித்தியாசங்களை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல். மேப்பிள் சாற்றில் இரண்டு சதவீதம்தான், வாயில் விட்டால் இனிப்புத் தண்ணீர்போல் லேசாகத் தெரியும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது, குளிர் போனால் சாறும் போச்சு. மூன்றாவது, பனங்கட்டிக்குக் காய்ச்சுவதுபோல் இறுகும்வரை போகக்கூடாது, அதற்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும்.

மரம் ஏன் சாறு விடுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவுகள் தாமாக வரும். மேப்பிள் கட்டையில் நீர் ஓடும் குழல்களைச் சுற்றியுள்ள நார்களுக்குள் காற்று நிரம்பியிருக்கும். மற்ற பல மரங்களில் அங்கே நீர்தான் இருக்கும். இரவில் மரம் உறையத் தொடங்கும்போது இந்தக் காற்று சுருங்கும். குழலிலிருந்து நீர் நாருக்குள் இழுபட்டு உட்சுவரில் பனிக்கட்டியாகப் படியும். உள்ளே அகப்பட்ட காற்று இன்னும் நெருக்கப்படும். கீழே வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி அந்த இடத்தை நிரப்பும். காலையில் உருகும்போது நெருக்கப்பட்ட காற்று விரிந்து நீரை வெளியே தள்ளும். மரத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட உயரும். துளை இருந்தால் அதன் வழியே சொட்டும். கோடையில் சேமித்த மாச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறி இந்த நீரில் கலந்திருக்கும்.

ஆகவே இரவு உறைவு என்பது பம்பை நிரப்புவது, பகல் உருகல் அதை இயக்குவது. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

இலையில்லாத காலத்தில் மரத்தை அடையாளம் காண வேண்டும் என்பதால், முடிந்தால் அக்டோபரிலேயே இலையைப் பார்த்து ஒரு துணிக்கயிறு கட்டிவிடுங்கள். தவறவிட்டால் கிளையைப் பாருங்கள்: மேப்பிளில் கிளைகளும் மொட்டுகளும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருக்கும். சுகர் மேப்பிள் மொட்டு மெலிந்து, கூராக, பழுப்பாக, பல செதில்களோடு இருக்கும். சில்வர் மேப்பிளில் சிவப்பு உருண்டை மொட்டுகள் கொத்தாக இருக்கும். ரொறன்ரோ தெருக்களில் நிறையக் காணப்படும் நார்வே மேப்பிளின் மொட்டு பருத்து மழுங்கியிருக்கும். கோடையில் அதன் இலைக்காம்பை ஒடித்தால் பால் வடியும். நார்வே மேப்பிளிலும் சாறு வரும், ஆனால் சர்க்கரை குறைவு. விறகுச் செலவுக்குக் கட்டாது.

சுகர் மேப்பிள்தான் முதல் தேர்வு. சில்வர் மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் பரவாயில்லை, ஆனால் மொட்டு சீக்கிரம் விடுவதால் பருவம் முன்னதாகவே முடிந்துவிடும். தெருவோர மரங்கள் நகராட்சியினுடையவை. பூங்கா மரங்களும் அப்படியே. அவற்றில் துளையிடக் கூடாது. உங்கள் வளவுக்குள் நிற்கும் மரம், அல்லது உரிமையாளர் சம்மதித்த மரம் மட்டும்தான்.

அளவு முக்கியம். மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டரில், சுற்றளவை அளவுநாடாவால் எடுங்கள். 80 செ.மீ.க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். 80 முதல் 140 செ.மீ. வரை ஒரு துளை, அதற்கு மேல் இரண்டு. பெரிய மரத்தில் மூன்று போடலாமே என்று ஆசை வரும். வேண்டாம். துளையிட்ட இடத்தில் மேலும் கீழுமாகக் கட்டை செத்துப் பழுப்பேறும். அந்தப் பகுதியில் இனி ஒருபோதும் நீர் ஓடாது. மரம் பெருத்துப் புதுக்கட்டை மேலே வளரும் வேகத்துக்குள்தான் நாம் எடுக்க வேண்டும்.

சாமான்கள்

நான்கு துளைக்கான கணக்கு இது. 5/16 அங்குல ஸ்பைல் நான்கு (துளையில் செருகும் சிறு குழாய்க்குத்தான் இந்தப் பெயர்). பழைய 7/16 அங்குல வகையும் கிடைக்கும். சிறிய துளையில் சாறு பெரிதாகக் குறைவதில்லை, காயம் சீக்கிரம் மூடுகிறது, ஆகவே சிறியதே நல்லது. அதே அளவில் புதிய, கூரான ட்ரில் பிட் ஒன்று. மழுங்கிய பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கும். துளைச்சுவர் பிசிறடித்துக் கசியும். உணவுத் தர பிளாஸ்டிக் குழாய் துளைக்கு ஒரு மீட்டர். மூடியுள்ள 20 லிட்டர் உணவுத் தர வாளி நான்கு. மூடியில் குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வாளியைத் தரையில் வைத்தால் மழையும் பனியும் விழாது. பெயின்ட் வாளியைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம். பழைய தகர வாளிகள் அழகாக இருக்கும், ஆனால் பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்கலாம், சமையலுக்கு ஆகாது.

காய்ச்ச: விருந்துச் சமையலில் பயன்படும் 53க்கு 32.5 செ.மீ. ஸ்டீல் ட்ரே இரண்டு, 15 செ.மீ. ஆழமுள்ளவை. ஹாலோ பிளாக் கற்கள் 20 அளவில், அல்லது பெரிய பர்னர் உள்ள புரோபேன் அடுப்பு. பாகு வடிகட்டும் தடித்த கம்பளித்துணிக் கூம்பு ஒன்று, அதற்குள் போடும் மெல்லிய வடிதுணி மூன்று நான்கு. அரை டிகிரி காட்டக்கூடிய டிஜிட்டல் தெர்மாமீட்டர். பாகு ஹைட்ரோமீட்டரும் (பாகில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் கருவி) அதற்கான உயரக் குவளையும் வாங்கிவிடுவது நல்லது. முதல் வருடமே விலையைத் திருப்பித் தரும்.

எப்போது துளையிடுவது

இந்தத் தொழிலில் மிகக் கடினமான முடிவு இதுதான். தெற்கு ஒன்ராறியோவில் வழக்கமாகப் பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் பாதிக்குள் துளையிடுவார்கள். ஆனால் இப்போதெல்லாம் ஜனவரியிலேயே நான்கு நாள் உருகல் வந்துவிடுகிறது. அப்போதே போட்டுவிடலாமா?

போட்டால் சாறு வரும். ஆனால் துளைக்கு ஆயுள் உண்டு. போட்ட நாளிலிருந்து நுண்ணுயிர்கள் உள்ளே குடியேறும். மரமும் காயத்தை அடைக்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் துளை ஏறக்குறைய வறண்டுவிடும். ஜனவரி கடைசியில் போட்ட துளை மார்ச் இரண்டாம் பாதியில், சாறு பெருகும் நேரத்தில், அடைத்துக்கொண்டிருக்கும். மறுபக்கம், ஏப்ரல் வரும் என்று காத்திருந்தால் 2012 மாதிரி வருடத்தில் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

கையாளும் விதி இது: பெப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து பத்து நாள் முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். பகல் மூன்று டிகிரிக்கு மேல், இரவு மைனஸ் 2க்குக் கீழ் என்று குறைந்தது ஐந்து நாட்கள் அதில் தெரிந்தால் துளையிடுங்கள். ஓரிரு நாள் மட்டும் தெரிந்து, பிறகு மைனஸ் 15க்குப் போகிறது என்றால் பொறுங்கள். நான்கு துளை இருந்தால் இரண்டை முதல் உருகலிலும் மற்ற இரண்டைப் பத்து நாள் கழித்தும் போடுவது பாதுகாப்பான வழி. எந்த வருடம் எப்படிப் போனாலும் பாதியாவது கைக்கு வரும்.

இந்தப் பகுதியின் பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் இந்தப் பருவத்து நிலவையே சாறு காய்ச்சும் நிலவு என்று அழைக்கிறார்கள், இஸ்கிகமிஸிகெ கீஸிஸ். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தக் கலை அவர்களுடையது. தேதியை அவர்கள் மரத்திடமும் பனியிடமும் கேட்டார்கள். இன்றும் அதுதான் சரி.

துளை

மரம் உறைந்திருக்கும்போது துளையிடாதீர்கள். மைனஸ் 5க்குக் கீழே கட்டை விறைத்திருக்கும். ஸ்பைலைத் தட்டும்போது மேலும் கீழுமாக வெடிக்கும். சுழியத்துக்கு மேல் போன பகலில், பத்து மணிக்குப் பிறகு செய்யுங்கள். குளிரில் ட்ரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.

உயரம் 60 முதல் 120 செ.மீ. பெரிய வேரின் நேர்மேலே அல்லது பெரிய கிளையின் நேர்கீழே நல்ல இடம். தெற்குப் பக்கம் முதலில் ஓடும், முதலில் வறளும். வடக்குப் பக்கம் தாமதமாகத் தொடங்கி ஏப்ரல் வரை நிற்கும். பழைய துளை இருந்தால் பக்கவாட்டில் 5 செ.மீ.க்கு மேல், நெடுக்கில் 30 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போங்கள். செத்த பழுப்புக் கட்டை துளையிலிருந்து மேலும் கீழும்தான் நீண்டிருக்கும், பக்கவாட்டில் குறைவு.

பிட்டில் 5 செ.மீ. தூரத்தில் டேப் ஒட்டுங்கள், பட்டையோடு சேர்த்து அதுதான் எல்லை. உள்ளே போகப் போகச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, ஒரே மூச்சில் போய் ஒரே மூச்சில் திரும்புங்கள். உள்ளே ஆட்டினால் துளை நீள்வட்டமாகி விளிம்பில் கசியும். வெளியே வரும் சீவலைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெண்ணெய் நிறத்தில் ஈரமாக இருந்தால் உயிருள்ள கட்டை. காப்பி நிறத்தில் வந்தால் அது செத்த இடம். அங்கே ஸ்பைல் போட்டாலும் ஒரு சொட்டு வராது, வேறு இடம் தேடுங்கள். துளைக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சிலோடு கிருமியும் போகும்.

ஸ்பைலைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்: முதல் தட்டுகள் பொள்ளென்று கேட்கும், பிறகு ஒரு தட்டில் ஒலி இறுகிக் கெட்டியாக மாறும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஒரு தட்டு கூடினால் பட்டைக்குள் கட்டை கீறும். சாறு ஸ்பைலுக்கு வராமல் மரத்தின் மேலேயே வழியும். கையால் இழுத்தால் வரக்கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். நல்ல உருகல் நாளாக இருந்தால், துளையிட்டு முடிப்பதற்குள்ளேயே விளிம்பில் ஒரு துளி திரண்டு, மரப்பட்டையின் கருமையில் கண்ணாடி மணிபோல் நின்று, பிறகு உருளும்.

வானிலையும் வாளியும்

குறிப்பேட்டில் வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் கணக்கு இப்படி இருக்கும்.

இரவு மைனஸ் 5, பகல் 6, வெயில், காற்று குறைவு: இதுதான் உத்தமமான நாள். பதினொரு மணிக்குச் சொட்டத் தொடங்கி மாலை வரை ஓடும். துளைக்கு 3 முதல் 6 லிட்டர்.

இரவு மைனஸ் 12, பகல் 2, மேகம்: தண்டு உருகவே பிற்பகல் இரண்டு மணியாகும். அரை லிட்டர் கிடைத்தால் அதிகம். ஆனால் பம்ப் நன்றாக நிரம்பியிருக்கிறது. அடுத்த நாள் வெயில் அடித்தால் கொட்டும். ஆகவே அன்று மாலையே வாளியைக் காலி செய்து வையுங்கள்.

இரவு மைனஸ் 1, அதுவும் விடியற்காலை ஒரு மணி நேரம் மட்டும்: முன்னறிவிப்பில் சுழியத்துக்குக் கீழே என்றுதான் காட்டும், மரத்துக்கு அது போதாது. பருமனான தண்டு உறைய மணிக்கணக்கில் குளிர் நிற்க வேண்டும். தினசரி அதிகம், குறைவு என்ற இரண்டு எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மணிவாரியான முன்னறிவிப்பைப் பாருங்கள்.

இரவும் பகலும் சுழியத்துக்கு மேலே, மூன்று நாள் தொடர்ந்து: முதல் நாள் சுமாராக ஓடும், இரண்டாம் நாள் ஈரம் மட்டும், மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் பருவம் முடிந்தது என்று ஸ்பைலைப் பிடுங்கிவிடுவது பெரிய தவறு. மார்ச்சில் ஒரு வாரச் சூட்டுக்குப் பின் குளிர் திரும்புவதே வழக்கம். மொட்டு வீங்காமலிருந்தால் காத்திருங்கள். வறண்ட துளையை மறுபடி குடைந்து பெரிதாக்காதீர்கள். மரத்துக்குக் காயம் இரட்டிப்பாகும், சாறு கூடாது.

கடுங்குளிர் இரவுக்குப் பிறகு ஸ்பைலை விரலால் தொட்டுப் பாருங்கள். பனிக்கட்டி விரிந்து அதை வெளியே தள்ளியிருக்கலாம். உருகியபின் ஒரு மெல்லிய தட்டு போதும். குழாயில் சாறு வராமல் மரத்தடி மட்டும் ஈரமாக இருந்தால் அணிலின் வேலை. இனிப்பு அதற்கும் தெரியும். கடித்த இடத்தை வெட்டிவிட்டு குழாயைக் குட்டையாக்குங்கள்.

இன்னொன்று நடைமுறை. காலை ஏழு மணிக்குத் தரை கல்போல் இருக்கும். பதினொரு மணிக்கு மேலே இரண்டு அங்குலம் சேறு, அடியில் இன்னும் பனிக்கட்டி. இருபது கிலோ வாளியோடு வழுக்கி விழ இதைவிட நல்ல தரை கிடையாது. கனமான வாளியைத் தூக்குவது காலையில், அல்லது சறுக்குப்பலகையில் வைத்து இழுப்பது.

ஆனால் இரவு மைனஸ் 8க்குப் போகிறதென்றால் மாலையே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முழு வாளியும் கட்டியாகிவிடும். மேலே மட்டும் உறைந்திருந்தால் நல்லது: அந்தப் பனிக்கட்டியில் சர்க்கரை மிகக் குறைவு, பெரும்பாலும் தண்ணீர்தான். தூக்கி எறியுங்கள். மூன்றில் ஒரு பங்கு உறைந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம்.

சேமித்தல்

சாற்றைப் பால் என்று நினையுங்கள். நான்கு டிகிரிக்குக் கீழே ஐந்தாறு நாள் தாங்கும். பத்து டிகிரியில் இரண்டு நாள்கூடச் சந்தேகம். வீட்டின் வடக்குச் சுவரோரம் பனிக்குவியலில் வாளிகளைக் கழுத்துவரை புதைத்து வைப்பது வழக்கம். அந்தக் குவியலை நம்பியிருக்கக் கூடாது; ஒரு மழைநாளில் முழுதும் கரைந்துவிடும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் தயாராக வையுங்கள். சூடு ஏறும் நாளில் சாற்றைப் பெரிய கூலர் பெட்டிக்கு மாற்றி, நடுவில் அந்தப் பாட்டில்களைப் போட்டால் இரண்டு நாள் கிடைக்கும்.

தெளிந்த நீர்போல் இருந்தால் புதிது. லேசாகக் கலங்கினால் இன்றே காய்ச்சுங்கள், பாகு கறுக்கும், ருசி கெடாது. விரலில் வழவழத்து நூல் இழுத்தால் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சுதல்

முதலில் கணக்கு. சர்க்கரையை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டு பிரிக்ஸ் எண்ணை, அதாவது சர்க்கரைச் சதவீதத்தைப் பாருங்கள். 86ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு லிட்டர் பாகுக்கு வேண்டிய சாறு தெரியும். 2 என்றால் 43 லிட்டர், 2.5 என்றால் 34 லிட்டர், 1.5 என்றால் 57 லிட்டர். அந்த அரை எண் எவ்வளவு விறகு என்பதைப் பாருங்கள். மரத்தேர்வில் இவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். நாற்பது லிட்டரில் முப்பத்தொன்பது லிட்டர் ஆவியாகச் சுவரிலும் கூரையிலும் ஏறும். ஜன்னல்கள் வியர்த்து, பூச்சு உரியும். வெளியே, காற்று மறைவில், ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் தீ, மேலே இரண்டு ட்ரே. உரிமம் இல்லாமல் திறந்த தீ மூட்ட நகரங்களில் அனுமதியில்லாமல் இருக்கலாம். உங்கள் ஊர்த் தீயணைப்பு விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புரோபேன் என்றால் நாற்பது லிட்டரை வற்றவைக்கச் சுமார் 104 மெகாஜூல் வெப்பம் வேண்டும், திறந்த அடுப்பில் பாதிக்கு மேல் வீணாகும். ஆகவே 20 பவுண்டு சிலிண்டரில் பாதிக்கும் மேல் ஒரு லிட்டர் பாகுக்கே போய்விடும். கையில் இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஆவியாவது ஆழத்தைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. உயரப் பானையில் காய்ச்சினால் நாள் முழுதும் நிற்க வேண்டியதுதான். ட்ரேயில் 4 முதல் 5 செ.மீ. ஆழம் வைத்துப் பொங்கக் கொதிக்கவிட்டால் ஒரு ட்ரேக்கு மணிக்கு 4, 5 லிட்டர் போகும். 2.5 செ.மீ.க்குக் கீழே இறங்கவிட்டால் ஓரங்களில் தீயும். ஒருமுறை தீய்ந்தால் அந்த மணம் முழு ஈட்டிலும் ஏறிவிடும், அதற்குப் பரிகாரம் கிடையாது. குளிர்ந்த சாற்றை மொத்தமாக ஊற்றினால் கொதி அடங்கும். ஓரமாக ஒரு பாத்திரத்தில் சூடாக்கிச் சிறுகச் சிறுக விடுங்கள். நுரை பொங்கினால் கடுகளவு வெண்ணெய் போதும். காய்ச்சும் குச்சியின் நுனியில் தடவித் தொட்டாலே அடங்கும்.

இருபது லிட்டர் மட்டும் கையிலிருக்க, நாளை 14 டிகிரி என்று முன்னறிவிப்பு சொன்னால் என்ன செய்வது? முடிவுவரை போகாதீர்கள். அரை லிட்டர் பாகு இவ்வளவு பெரிய ட்ரேயில் ஒரு படலமாகத்தான் இருக்கும், கட்டாயம் தீயும். ஐந்து லிட்டர் வரும்வரை வற்றவைத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த ஈட்டோடு சேர்த்து முடிக்கலாம்.

பதம்

நாற்பது லிட்டர், கடைசியில் ஒரே ட்ரேயில், ஐந்து லிட்டருக்கு வந்ததும் சிறு பாத்திரத்துக்கு மாற்றி, வீட்டு அடுப்புக்குக் கொண்டுவாருங்கள். இனி அடுப்பை விட்டு நகரக்கூடாது.

தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் நான்கு டிகிரி ஏறினால் பாகு 66 பிரிக்ஸ், கனடாவில் மேப்பிள் சிரப் என்று விற்பதற்கான குறைந்தபட்ச அடர்த்தி. பலரும் 104 டிகிரி என்று எழுதிவைத்துக்கொண்டு அதையே பார்க்கிறார்கள். அது ஒவ்வொரு நாளும் சரியாக வராது. மார்ச்சில் ஒரு புயல் கடக்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்குவது சாதாரணம். அவ்வளவு இறங்கினால் தண்ணீரின் கொதிநிலை அரை டிகிரிக்கு மேல் குறையும். அன்று 104 வரை காத்திருந்தால் பாகு கடந்துபோயிருக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதே தெர்மாமீட்டரில் அளந்து, அந்த எண்ணோடு 4ஐக் கூட்டுங்கள். தெர்மாமீட்டரின் சொந்தப் பிழையும் இதில் தானாகக் கழிந்துவிடும்.

முதல் ஒரு டிகிரி ஏற நீண்ட நேரம் பிடிக்கும், கடைசி ஒரு டிகிரி நிமிடங்களில் ஓடிவிடும். மூன்றாவது டிகிரியைத் தாண்டியதும் தீயைக் குறையுங்கள். குமிழிகளைப் பாருங்கள்: நீர்க்குமிழியாகப் பெரிதாக வெடித்துக்கொண்டிருந்தவை சிறுத்து, பொன்னிறமாகி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தட்டையான கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், இதுவரை சொட்டுச் சொட்டாக விழுந்தது இப்போது இரண்டு சொட்டுகள் விளிம்பில் சேர்ந்து, ஒரு சிறு திரைபோல் தொங்கி, பிறகு அறுந்து விழும். அந்தத் திரைதான் பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கைக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: விரலில் தெளிவாகக் கம்பி இழுக்கும்வரை விட்டால் தாண்டிவிட்டது. ஆறியபின் பாட்டிலடியில் கற்கண்டு கட்டும். தாண்டினால் பயமில்லை, கொஞ்சம் சாறு விட்டு மறுபடி ஏற்றலாம். குறைவாக இறக்கினால்தான் ஆபத்து, மேலே பூஞ்சை பிடிக்கும்.

ஹைட்ரோமீட்டர் இருந்தால் கொதிக்கும் பாகைக் குவளையில் ஊற்றி உடனே மிதக்கவிடுங்கள். சூட்டுக்கோடு வேறு, குளிர்க்கோடு வேறு. கொதிக்கக் கொதிக்க அளக்கும்போது சூட்டுக்கோட்டைத்தான் பார்க்க வேண்டும். குவளையை முன்னரே வெந்நீரில் சூடாக்கியிருங்கள்.

வடிகட்டி அடைத்தல்

பாகு கலங்கலாக இருக்கும். சாற்றிலுள்ள சுண்ணச்சத்தும் மாலிக் அமிலமும் சேர்ந்து மணல்போல் படிவது இது. தீங்கில்லை, பல்லில் நறநறக்கும். கூம்புத்துணியை வெந்நீரில் நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, உள்ளே மெல்லிய வடிதுணிகளை அடுக்கி, பாகு கொதிசூட்டில் இருக்கும்போதே ஊற்றுங்கள். ஆறிய பாகு துணியில் நகராது. ஒரு வடிதுணி அடைத்துக்கொண்டதும் அதை மட்டும் உருவினால் அடுத்தது தயாராக இருக்கும். துணியைச் சோப்பில் துவைக்கவே கூடாது, அடுத்த வருடப் பாகில் அந்த வாசனை வரும். வெந்நீர் மட்டும்.

வடிந்ததை 82 முதல் 88 டிகிரிக்குள் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, இரண்டு நிமிடம் படுக்கவையுங்கள். மூடியின் உட்புறமும் அந்தச் சூட்டில் சுத்தமாகும். 88ஐத் தாண்டிச் சூடாக்கினால் மறுபடி மணல் உண்டாகும். திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான்.

ஒவ்வொரு பாட்டிலிலும் காய்ச்சிய தேதியை எழுதுங்கள். முதல் ஈடு வெளிர்பொன்னாக, மென்மையான மணத்தோடு இருக்கும். ஏப்ரலில் காய்ச்சியது கறுத்து, பனங்கட்டியை நினைவூட்டும் கனத்த ருசியோடு வரும். நாட்கள் சூடாகும்போது சாற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கின்றன, அவை காய்ச்சும்போது அதிகம் கறுக்கும். கடைகளில் பொன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நிறப்படி பிரிப்பது இதைத்தான். தோசைக்கும் அப்பத்துக்கும் ஊற்றிக்கொள்ள எனக்குக் கடைசி ஈடுதான் பிடிக்கும்.

நிறுத்துதல்

மொட்டு வீங்கத் தொடங்கிவிட்டால் சாறு ஓடினாலும் எடுக்காதீர்கள். மரம் இலை விடத் தயாராகும்போது சாற்றின் வேதியியல் மாறும். பச்சையாகக் குடித்தால் தெரியாது, காய்ச்சும்போது வேகவைத்த முட்டைக்கோஸ்போல் மணம் எழும். சந்தேகம் இருந்தால் ஒரு கப் சாற்றை மட்டும் தனியாக வற்றவைத்து முகருங்கள், நாற்பது லிட்டரையும் விறகையும் காப்பாற்றும். பக்கத்துச் சதுப்பில் தவளைகள் இரவில் கத்தத் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று இங்குள்ள பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சில்வர் மேப்பிளை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும்.

சுத்தியலின் பின்பக்கத்தால் ஸ்பைலை நேராக நெம்பி எடுங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். துளையில் மெழுகோ குச்சியோ அடைக்க வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும். ட்ரேயில் படிந்த வெள்ளை மணலுக்கு வினிகரும் வெந்நீரும் ஊற்றி ஓரிரவு விட்டால் நகத்தால் சுரண்டலாம். துளையின் திசையையும் தரையிலிருந்து உயரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த பெப்ரவரியில் பட்டை மூடி வடு மங்கியிருக்கும், 5 செ.மீ. எங்கிருந்து அளப்பது என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.